பஸ்ஸுக்கு வந்த நோய்

எங்கள் பஸ்ஸுக்கும் எனக்கும் ஒரே நோய் என்று மாமாதான் முதலில் சொன்னார். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கலாம். அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. விடிந்தும் விடியாத வேளையில் பழனியிலிருந்து கிளம்பி ஆயக்குடிக்கு வந்து நிற்கும்போதே அந்த பஸ் மூச்சு வாங்கிக்கொண்டுதான் நிற்கும். நீளமான மூக்கு வைத்த பஸ் அது. மூக்கின் நுனியில் கம்பிவலை. வழியில் வந்து மோதிய மஞ்சள் பட்டாம்பூச்சிகள் அந்த வலையில் காய்ந்து ஒட்டியிருக்கும். ஒட்டன்சத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அதற்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும். மாமா ரோட்டோரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "எஞ்சின் கொதிக்குது. செத்த நேரம் ஆறட்டும்" என்பார்.

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "இதுக்கும் உன்னய மாதிரிதான் கண்ணு. ரொம்ப தூரம் ஒரே மூச்சா ஓட முடியாது. நடுவுல எறக்கி விடோணும்."

மாமா என்பது அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அவருடைய அண்ணன் தம்பிகளுக்கும் கத்தரியும் தக்காளியும் தேங்காயும்தான் உலகம். மாமா ஒருவர்தான் மண்வெட்டி பிடிக்காமல் ஸ்டியரிங் பிடித்தவர். அதனால் அவர் வாயிலிருந்து வருவது எல்லாம் தூரதேசத்துச் செய்தி மாதிரி எனக்கு இருக்கும்.

என் நோயைச் சொல்ல வேண்டும். பிறக்கும்போதே என் முதுகுத்தண்டின் அடியில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, கொய்யாப்பிஞ்சு அளவில் ஒரு புடைப்பு இருந்ததாம். கைக்குழந்தையாக இருக்கும்போதே மதுரைக்குத் தூக்கிப் போய் அதை அறுத்துத் தைத்தார்கள். தையல் ஆறிவிட்டது. ஆனால் தண்டிலிருந்து கீழே போக வேண்டிய நரம்புகளில் சில, போகாமலே நின்றுவிட்டன. என் இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பேன். அதை ஊரே பார்த்தது. பார்க்க முடியாத இன்னொன்றும் இருந்தது. எனக்கு மூத்திரம் வருவது தெரியாது.

தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் திடீரென்று "முட்டுது" என்று சொல்லிவிட்டு வேலி ஓரத்துக்கு ஓடுவார்கள். எது எதில் முட்டுகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அது அவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் விளையாட்டுச் சொல் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குத் தெரிவதெல்லாம் பாவாடை நனைந்து, வலது முழங்காலுக்குக் கீழே ஒரு குளிர்ச்சி இறங்கும்போதுதான். யாரோ என்மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடிப்போனது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டரம்மாதான் அம்மாவுக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார். என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புளுக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, கீழ்ப்பக்கமாக மெதுவாக, விடாமல் அமுக்க வேண்டும். தேங்கியிருப்பது வடிந்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பாவாடை நனையாது. "புள்ளைக்குத் தெரியாது. அதனால உங்க கைக்குத் தெரியணும்" என்றார் அவர். அம்மாவின் கைக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பில் உலை வைத்திருந்தாலும், வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாலும், யாரோ கூப்பிட்டது போல நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வருவாள். அவளுடைய உள்ளங்கைகள் சொரசொரப்பாக, மஞ்சள் வாசனையோடு இருக்கும். அவள் அமுக்கும்போது நான் கூரையைப் பார்த்துக்கொண்டு ஏதாவது யோசித்துக்கொண்டிருப்பேன். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் பிள்ளைகளுக்கு இப்படித்தான் செய்வார்கள் என்பது என் எண்ணம்.

ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். போகிற வழியில் ஒருநாள் அது நடந்தது. மாமா அப்போது வேறெங்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஏறியது வேறொரு பஸ். அது கண்ட இடத்திலெல்லாம் நின்று மூட்டை ஏற்றிக்கொண்டு போனதில் நேரம் கடந்துவிட்டது. என்னிடமிருந்து கிளம்பியது சீட்டில் நனைந்து, பலகைத் தரையில் ஓடி, முன்சீட்டுக்காரர் காலடியில் வைத்திருந்த துணிப்பையில் போய்ச் சேர்ந்தது. பையில் அவர் தங்கை கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போன பட்டுச் சேலை. அவர் கத்தியதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கண்டக்டர் விசில் ஊதினார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு, நடுவழியில், ஊர் எதுவும் கண்ணுக்குத் தெரியாத ரோட்டில் இறங்கினாள்.

வெகுநேரம் கழித்து ஒரு வெங்காய வண்டி வந்தது. வண்டிக்காரர் எங்களை மூட்டைகளின் மேல் ஏற்றிக்கொண்டார். வெங்காயச் சருகு காற்றில் எழுந்து சிவப்பாகப் பறந்தது. தெற்கே மலைக்கு மேல் மேகம் படுத்திருந்தது. மாடுகள் அவசரப்படவே இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தில் சுருண்டுகொண்டு நான் தூங்கிப்போனேன். அன்றைக்கு அம்மா ஏன் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. வெங்காயம் கண்ணைக் கரித்திருக்கும். எனக்கு அது நல்ல பயணமாகவே பட்டது.

அதற்குப் பிறகு அம்மா பஸ் ஏறவில்லை. வீட்டில் அமுக்குவது தவறாமல் நடந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றுவிட்டது. அப்பா கேட்டபோதெல்லாம், "அடுத்த மாசம் போய்க்கலாமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அடுத்த மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. எத்தனை போர்வை போர்த்தினாலும் பல் கிட்டியது. வீட்டுச் சுவரில் பச்சைக் குதிரைகள் ஓடியதை நான் பார்த்தேன். அப்பாவிடம் காட்டினேன். அவர் குதிரைகளைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். மாமாவின் லாரியில், தேங்காய் மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்து, என்னைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள்.

"உள்ள தேங்கி அழுகி, கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "இந்தத் தடவை தப்பிச்சுட்டா. வாராவாரம் கொண்டுவந்து காட்டணும். இல்லாட்டி அடுத்த காய்ச்சலுக்கு என்னால பொறுப்பு ஏத்துக்க முடியாது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, பஸ்ஸில் நடந்ததைச் சொன்னாள். வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த மாமா அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அவர் லாரியை விட்டுவிட்டு பழனி–திண்டுக்கல் பஸ்ஸுக்கு டிரைவராக வந்து சேர்ந்தார். லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு வலிக்கிறது, பஸ்ஸென்றால் சீட்டு மெத்தென்று இருக்கும் என்று காரணம் சொன்னார்.

அப்படித்தான் திங்கட்கிழமைகள் தொடங்கின.

இருட்டு பிரியும் நேரத்தில் பஸ் வரும். மேலே கொய்யாக் கூடைகள் ஏறும். கூடைகளுக்கு உரிய அம்மாள் எங்களோடு முன்பக்கத்துப் பெண்கள் சீட்டில் உட்காருவாள். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். திண்டுக்கல் சந்தையில் ஒரு கோடியில் அவள் விலை சொன்னால் மறுகோடியில் பேரம் படியும் என்பார்கள். நான் அவளைக் கொய்யாக்கார அம்மாயி என்று கூப்பிடுவேன். அவள் மடியில் எப்போதும் எனக்கென்று ஒரு செங்காய் இருக்கும். சத்திரப்பட்டியில் ஒரு கோர்ட் குமாஸ்தா ஏறுவார். கறுப்புக் கோட்டு, கையில் குடை. மாமாவுக்குப் பின்சீட்டு அவருக்கு நிரந்தரம். உட்கார்ந்ததும் முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்.

ஜன்னலுக்கு வெளியே பனி வயல்களின் மேல் பால்போல நிற்கும். தென்னை மரங்கள் தண்டு இல்லாமல் தலைகளாக மிதந்து வரும். தூக்கமா விழிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு நிலையில் எஞ்சின் சத்தம் என் பல்லுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஒட்டன்சத்திரம் கடந்து, ரோட்டின் இடப்பக்கம் இரண்டு பனைமரமும் ஒரு பாழுங்கிணறும் வரும்போது பஸ் உறுமலைக் குறைக்கும். வந்துவிட்டது, பஸ்ஸுக்கு முடியவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மாமா தகர டின்னை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் மூக்கைத் திறப்பார். அம்மா என்னை இடுப்பில் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் பின்னால் இருந்த உடைமரப் புதருக்குப் போவாள். கிணற்றின் கல் மேடைக்கு அந்தப் பக்கம், பழைய சேலையை நாலாக மடித்து விரித்து என்னைப் படுக்க வைப்பாள். கொய்யாக்கார அம்மாயியும் இறங்கி வருவாள். வந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, ரோட்டைப் பார்த்து நிற்பாள். அவளுக்குக் காற்று வாங்குவதில் ஆசை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நேரம்தான் எனக்கு வாரத்திலேயே பிடித்த நேரம். மல்லாந்து கிடந்தால் வானம் முழுக்க என்னுடையது. பனையோலை ஒன்றோடொன்று உரசிக் காகிதம் போலச் சலசலக்கும். புதருக்கு அப்பால் சூடான இரும்பு டிக், டிக்கென்று ஆறிக்கொண்டிருக்கும். மாமா டின்னிலிருந்து தண்ணீரைச் சரிக்கும் சத்தம் கேட்கும். அம்மாவின் கை என் வயிற்றில் மெதுவாக இறங்கும். பஸ்ஸுக்குள் தண்ணீர் போகிறது, எனக்குள்ளிருந்து தண்ணீர் வருகிறது, எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு சரியாகிறது. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

குமாஸ்தாவுக்குத்தான் திருப்தி இல்லை. பஸ் நின்றதும் கைக்குட்டையை உருவிக்கொண்டு எழுந்துவிடுவார். "மறுபடியுமா? இது பஸ்ஸா, கட்டவண்டியா? நான் கோர்ட்டுக்குப் போறதா வேணாமா?"

"கொதிக்குதுங்களே, நான் என்ன பண்ணட்டும்" என்பார் மாமா.

"திங்கக்கெழமை மட்டும் எப்படிய்யா கொதிக்குது?"

"ஞாயித்துக்கெழமை செட்டுல படுத்துக் கெடந்த வண்டிங்க. திங்கக்கெழமை ஓடுறதுக்குச் சலிக்குது."

புதரிலிருந்து திரும்பி வரும்போது ஒருநாள் நான் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். "பஸ்ஸத் திட்டாதீங்க தாத்தா. அதுக்கு ஒடம்பு சரியில்ல." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை மறுபடி முகத்தில் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, நீலமாக எரியும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். குமிழ் விட்டுக் கொதித்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கலங்கினால் முகம் சுருங்கும். தெளிவாக நின்றால் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். வாரம் போகப் போகக் கலங்கல் குறைந்து வந்தது. பஸ்ஸின் தண்ணீரையும் ஒரு தடவை கொண்டுவந்து காட்டலாமா என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

குமாஸ்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, செட்டுக்கே போய் பஸ் முதலாளியிடம் முறையிட்டுவிட்டார் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்தது அடுத்த திங்கட்கிழமைதான். ஒட்டன்சத்திரத்தில் தோல் பை மாட்டிய ஒரு காக்கிச் சட்டைக்காரர் ஏறினார். அவரைக் கண்டதும் கண்டக்டர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். கம்பெனியின் செக்கிங் இன்ஸ்பெக்டர். அவர் மாமாவுக்குப் பக்கத்தில் எஞ்சினை ஒட்டியிருந்த சீட்டில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் மாமாவின் கையையும் காலையுமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாமாவின் பிடரியில் வியர்வை கோடு கோடாக இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பனைமரம் தெரிந்தது. உறுமல் குறையவில்லை. பனைமரம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அம்மா, பஸ்ஸுக்கு முடியல. மாமா கவனிக்கல" என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் பழைய சேலையை எனக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் ஒருவர் துணிப்பையைக் காலடியில் வைத்திருந்தார். அம்மா அதையே பார்த்தாள். கிணற்று மேடு ஜன்னலுக்கு நேராக வந்து, பின்னால் நகரத் தொடங்கியது.

"ஏனுங்க டிரைவர் தம்பி! நிறுத்துங்க! நிறுத்துங்க! எனக்கு வாந்தி வருது!"

சந்தையை நிறுத்தும் குரல் அது, பஸ்ஸை நிறுத்தாதா? மாமா பிரேக்கை மிதித்த மிதியில் எல்லோரும் முன்சீட்டில் போய் முட்டினோம். கொய்யாக்கார அம்மாயி வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினாள். அவள் ரோட்டோரம் உட்கார்ந்து எழுப்பிய சத்தத்தில் பனைமரத்துக் காக்கைகள் கிளம்பின.

"சரி, சரி. பொம்பளைக்கு வாந்தின்னா என்ன பண்றது. சீக்கிரம் ஆகட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கும் ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருதுங்க" என்று வெற்றிலைக் கூடைக்காரி இறங்கினாள். பின்சீட்டுப் பெரியவர் ஒருவர், துண்டு காற்றில் பறந்துவிட்டது என்று சொல்லி, தோளில் துண்டோடு இறங்கினார். ஒவ்வொருவராக பஸ் காலியானது. இந்தக் கூட்டத்தில் அம்மா என்னை எடுத்துக்கொண்டு நடந்ததை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

அன்றைக்கு மேகமூட்டம். சாம்பல் நிற வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அம்மாயி வாந்தியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். அவள் மறைக்காத பக்கத்தில், உடைமரங்களுக்கு நடுவில், தலைகீழாக ஓர் ஆள் தெரிந்தார். குமாஸ்தா. தன் தேவைக்கு ஒதுங்க வந்திருப்பார் போல. அப்படியே நின்றுவிட்டார். மண்டியிட்டிருக்கும் அம்மாவை, என் வயிற்றில் இருந்த அவள் கைகளை, என் திரும்பிய பாதத்தை அவர் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. அவள் அமுக்குவதிலேயே இருந்தாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் குமாஸ்தா குடையை விரித்தார். விரித்த குடையைத் தன் முகத்துக்கு முன்னால் இறக்கிப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் பின்னாலேயே நடந்து போனார். முள் வேட்டியில் மாட்டியது. அப்போதும் குடையை நகர்த்தவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடாத சாமி" என்றாள் அம்மா.

நாங்கள் திரும்பி வரும்போது இன்ஸ்பெக்டர் பஸ்ஸின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "கொதிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாராவாரம் இங்கதான நிறுத்துற?" என்று மாமாவைக் கேட்டார். மாமா துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். "நீங்கதான செட்டுக்கு வந்து மொதலாளிகிட்டச் சொன்னது? சொல்லுங்க. திங்கக்கெழமை காலம்பற வண்டி, இந்த டிரைவர், இதே எடம். சரிதான?"

குமாஸ்தா குடையை மடக்கி, அதன் பட்டையைச் சுற்றி, பித்தானைப் போட்டார். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"நான் சொன்னது இந்த வண்டி இல்ல" என்றார்.

"என்ன சார் இது? நீங்கதான—"

"அது வேற வண்டிய்யா. சாயங்கால வண்டி. வயசாயிருச்சு, மாத்திச் சொல்லிட்டேன் போல. இந்த வண்டி ஒழுங்காத்தான் போகுது."

கோர்ட்டில் வேலை பார்ப்பவருக்கு இவ்வளவு மறதி இருந்தால் கேஸெல்லாம் என்ன ஆவது என்று எனக்குக் கவலையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். கடைசியில் அவர் கண் அம்மாவின் கையில் சுருட்டியிருந்த ஈரத்துணியில் வந்து நின்றது. "புள்ளைக்கு என்னம்மா?" என்றார். "காலு கொஞ்சம் சரியில்லீங்க" என்றாள் அம்மா. அவர் பஸ்ஸின் மூக்கை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அவர் பொல்லாதவர் இல்லை. ஆனாலும் கம்பெனியில் கேட்டால் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. அடுத்த திங்கட்கிழமை மாமா வத்தலக்குண்டு வண்டிக்கு மாற்றப்பட்டிருந்தார். "அங்க மலையோரம்க்கா, குளுகுளுன்னு இருக்கும். எனக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே எழுந்துபோனார். அவர் திரும்ப எங்கள் வழிக்கு வரவே இல்லை. அந்தத் திங்கட்கிழமை அம்மா மூன்று பாவாடையும், இருந்த பழந்துணி அத்தனையும் மூட்டை கட்டிக்கொண்டாள். எங்கோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி பஸ் ஏறினாள்.

அதே பஸ்தான். புது டிரைவர் முறுக்கு மீசைக்காரர். யார் கை காட்டினாலும் நிறுத்த யோசிக்கிறவர். பனைமரம் வந்தது. பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. திடமாக, உற்சாகமாக ஓடியது. என்னை விட்டுவிட்டு அது மட்டும் குணமாகிவிட்டதே என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்போது கொய்யாக்கார அம்மாயி எழுந்தாள். "ஏனுங்க! வாந்தி வருதுங்க!"

அதற்கடுத்த வாரம் வெற்றிலைக் கூடைக்காரி. அதற்கும் அடுத்த வாரம் துண்டு பறந்த பெரியவர். ஒரு திங்கட்கிழமை குமாஸ்தாவே கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்து நின்று, "டிரைவர், எனக்கு மயக்கம் வருகிறது" என்று கோர்ட்டில் கூப்பிடுவது போலச் சுத்தமான தமிழில் சொன்னார். இறங்கிப் போய் மைல்கல்லின் மேல், குடையைக் குத்திட்டு வைத்துக்கொண்டு, நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். நாங்கள் திரும்பி வந்து ஏறும்வரை அவருக்கு மயக்கம் தெளியவில்லை. மீசைக்காரர் முதலில் முணுமுணுத்தார். சில வாரங்களுக்குப் பிறகு, பனைமரம் கண்டதும் யார் வாயைத் திறப்பதற்கும் முன்னால் பிரேக்கின்மேல் காலை வைத்துக் காத்திருந்தார்.

எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று. நோய் பஸ்ஸை விட்டு நீங்கி ஜனங்களைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கிணற்றுப் பக்கத்துக் காற்றில்தான் ஏதோ இருக்கிறது. அல்லது, இதை நினைத்தபோது பயமாக இருந்தது, என்னிடமிருந்துதான் முதலில் பஸ்ஸுக்கும், பிறகு அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டதோ?

நான் பிழைத்து வளர்ந்தேன். அம்மாவின் கை செய்ததை என் கையே செய்யப் பழகியது. பிறகு அதைவிடச் சுலபமான வழிகளும் வந்தன. நான் தனியாகப் பயணம் போனேன், வேலை பார்த்தேன். இன்றைக்கும் முட்டுவது என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதெல்லாம் பின்னால். அந்தப் பயம் வந்த வாரம் நான் செய்தது ஒன்றுதான். டாக்டரம்மா கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்திருந்தபோது, எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் உடம்பு சரியில்லை, தினுசு தினுசாக வாந்தியும் மயக்கமும் வருகிறது, பெரிய கொய்யாக்கார அம்மாயிக்குத்தான் ரொம்ப மோசம், மருந்து வேண்டும் என்று சொன்னேன்.

அவர் குழாயை இறக்கிவிட்டு முழுக்கக் கேட்டார். எந்த இடத்தில் வருகிறது, எத்தனை நாளாக வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். நான் எல்லாம் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கம்பவுண்டரைக் கூப்பிட்டார். கம்பவுண்டர் ஒரு பாட்டிலில் ரோஜா நிறத்து மிக்ஸர் மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, காகிதத்தைப் பல்லுப் பல்லாக வெட்டி மேலே ஒட்டிக் கொடுத்தார். ஓமமும் இஞ்சியும் கலந்த வாசனை.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் கொய்யாக்கார அம்மாயி காலிக் கூடைகளோடு ஏறினாள். மடியில் வைத்திருந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"உங்களுக்குத்தான். டாக்டரம்மா குடுத்தாங்க. மூணு வேளை, சோத்துக்கு அப்புறம். இனி வாந்தி வராது."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து, காகிதப் பல்லில் விரலை வைத்து அளந்து, ஒரு வேளை மருந்தை அங்கேயே விழுங்கினாள். கண்ணில் நீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது.

"ரொம்பக் காரமா?" என்றேன்.

"ஆமா கண்ணு. ரொம்பக் காரம்."

அடுத்த திங்கட்கிழமை, பனைமரம் வந்ததும், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்று வேளையும் ஒழுங்காகக் குடித்திருக்க மாட்டாள். பெரியவர்களை நம்பி ஒரு மருந்தை வாங்கிக் கொடுக்க முடிகிறதா என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் இறங்கினாள்.